தங்கைக்கு முதல் லேப்டாப், 45,000 ரூபாய்க்குள்: எதை எடுப்பது?

நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குக் கலந்தாய்வில் பி.இ. கணினி அறிவியல் கிடைத்திருக்கிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரி. விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எக்செல், மெயில் தாண்டி எனக்குக் கணினி தெரியாது. அப்பாவும் நானுமாக 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். இழுத்துப் பிடித்தால் இன்னும் மூவாயிரம் போடலாம். நான்கு வருஷமும் இந்த ஒரே லேப்டாப்தான் ஓட வேண்டும்.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கேமிங் லேப்டாப் இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க முடியாது என்கிறார் ஒரு கடைக்காரர். பழைய ஐ7 ஒன்று 24,000 ரூபாய்க்கு இருக்கிறது, ஐ7-க்கு மேல் என்ன வேண்டும் என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டுப் பையன் எது வாங்கினாலும் ஒன்றுதான் என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணினி_ஆசிரியை

வாழ்த்துகள் தம்பி. தங்கையிடமும் சொல்லுங்கள். பொறியியல் கல்லூரியில் பல வருடமாக லேப் எடுக்கிறேன், அதனால் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வருடம் பைத்தான், சி. இதற்கு எந்த லேப்டாப்பும் போதும், கல்லூரி லேப்பிலேயே கூட முடித்துவிடலாம். இரண்டாம் வருடம் ஜாவா, டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரும். ஒரு பக்கம் எடிட்டர், ஒரு பக்கம் மைஎஸ்க்யூஎல், பிரௌசரில் இருபது டேப், இடையில் ஆன்லைன் வகுப்பு என்று நினைவகம் நிரம்பத் தொடங்குவது அப்போதுதான். மூன்றாம் வருடம் செல்போன் செயலி எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, போனைப் போலவே இயங்கிக் காட்டும் எமுலேட்டரை ஓட விட்டால் 8 ஜிபி ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், திணறும். ஒரு கணினிக்குள் இன்னொரு தனிச் சூழலை ஓட்டும் டாக்கர், விர்ச்சுவல் மெஷின் என்று போனாலும் அதே கதைதான். என் மாணவர்கள் கணினியின் மூளையான ப்ராசஸர் போதவில்லை என்று புலம்பிக் கேட்டது குறைவு, ராம் போதவில்லை என்று புலம்புவது ஒவ்வொரு வருடமும் உண்டு.

கிராபிக்ஸ் கார்டு விஷயம். மெஷின் லேர்னிங் பாடத்துக்கு ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், வேண்டுமே என்பார்கள். இணையத்தில் ஓடும் கூகுள் கோலாப் இலவசமாகவே ஜிபியு தருகிறது. நேர வரம்பு உண்டு, ஆனால் இளநிலைப் பாடத்துக்கும் ஓரளவு ப்ராஜெக்ட்டுக்கும் போதும். அதற்காக இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்து கேமிங் லேப்டாப் வாங்கத் தேவையே இல்லை.

ஆகவே என் வரிசை: 16 ஜிபி ராம், அல்லது பின்னால் 16 ஆக்க வழி இருக்கும் 8 ஜிபி. கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. ஃபுல் எச்டி திரை. நன்றாகத் தட்டச்ச வரும் விசைப்பலகை. அதற்கப்புறம்தான் ப்ராசஸர். விசைப்பலகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நான்கு வருடம் அவள் விரல் அதன் மேல்தான் இருக்கும். தங்கையைக் கூடவே கடைக்குக் கூட்டிப் போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல்வாசி

மூன்றாம் ஆண்டு சிஎஸ்சி (கணினி அறிவியல்). மேடம் சொன்னதற்கு மேல் விடுதிக் கதையை மட்டும் சொல்கிறேன்.

கேமிங் லேப்டாப் 2.3 கிலோ வரும், அதன் அடாப்டரே அரை கிலோ பக்கம் இருக்கும். விடுதியிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து லேப், லேப்பிலிருந்து நூலகம் என்று தினமும் தோளில் இதைச் சுமக்க வேண்டும். என் ரூம்மேட் முதல் மாதத்தோடு அதை வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டான். இப்போது அது மேசையோடு மேசையாக இருக்கிறது, வகுப்பில் பக்கத்துப் பையன் லேப்டாப்பைத்தான் எட்டிப் பார்க்கிறான்.

வகுப்பறையில் அறுபது பேருக்கு மூன்று நான்கு பிளக் பாயிண்ட் இருந்தாலே பெரிது. பேட்டரியைப் பாருங்கள் அண்ணா. விளம்பரத்தில் போடும் 'பத்து மணி நேரம்' கணக்கை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட் அவர் எவ்வளவு என்று பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்புகளில் 42 வாட் அவர் பக்கம் இருக்கும். பிரௌசர், எடிட்டர் வேலைக்குச் சுமார் 8 வாட் இழுக்கிறது என்று வைத்தால் ஐந்து மணி நேரம் வரும். 50-க்கு மேல் கிடைத்தால் ஒரு நாள் வகுப்பு ஓடிவிடும்.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். ஏறும் என்றால் அடாப்டர் மறந்த நாளில் தோழியிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஏறிவிடாது, சிலவற்றில் டேட்டா மட்டும்தான் போகும்.

சோல்டரிங்அயர்ன்

லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வந்து சேருவதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், ராமை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மெலிதான லேப்டாப்புகள் பலவற்றில் ராமை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். விவரத்தில் எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் ஒட்டியதுதான், பின்னால் சேர்க்க முடியும் என்று நம்பாதீர்கள். சிலவற்றில் 8 ஜிபி ஒட்டியிருக்கும், கூடவே ராம் செருகும் ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கும். அது பரவாயில்லை. இரண்டு ஸ்லாட் இருந்தால் இன்னும் நல்லது. கடையில் 'எக்ஸ்பாண்டபிள்தான் சார்' என்று வாய்வார்த்தை சொல்வார்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

ஒற்றை 8 ஜிபி ராம் மட்டும் இருந்தால் கிராபிக்ஸும் மந்தமாகும். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர்களில் ஒரே ஒரு ராம் போட்டால் அது வேகம் குறைந்த வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் காட்டும். இரண்டு ராம் இணையாக ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்இ.

அடுத்து ஸ்டோரேஜ். 'இஎம்எம்சி' என்ற எழுத்தைப் பார்த்தால் அந்த லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். செல்போன் மெமரி மாதிரி போர்டிலேயே ஒட்டியது, வேகம் குறைவு, 64 ஜிபி, 128 ஜிபி என்று இருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாமல் என் கடைக்கு வருகிறவை இவைதான். செலரான் என்ற மலிவு ப்ராசஸர் போட்ட லேப்டாப்பும் வேண்டாம். அதில் என்4020 எல்லாம் இரண்டே கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி).

ப்ராசஸர் பெயரில் ஏமாறுவதுதான் அதிகம். ஏஎம்டி ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். எண்ணில் பத்துதானே வித்தியாசம் என்று விலை குறைந்ததை எடுப்பீர்கள். 7520யு-வில் நான்கு கோர், உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு-வில் ஆறு கோர், அடுத்த வடிவமான ஜென் 3. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது: 2 இருந்தால் ஜென் 2, 3 இருந்தால் ஜென் 3, 4 இருந்தால் ஜென் 4. அது மட்டுமில்லை, 7520யு வரும் லேப்டாப்பில் ராம் ஒட்டியதுதான். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜிபி.

இன்டெல்லில் ஐ3-1215யு ஆறு கோர், ஐ5-1235யு பத்து கோர், ஐ5-12450எச் எட்டு கோர். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் படிப்புக்குக் குறை வராது. புதிதாகக் 'கோர் 5 120யு' என்று ஐ இல்லாமல் வருகிறதே என்று குழம்ப வேண்டாம், பழைய 13ஆம் தலைமுறையின் வழியில் வந்ததுதான். ஐ3-1215யு-வோடு 16 ஜிபி ஒரு பக்கம், 8 ஜிபி ஒட்டிய ஐ5 ஒரு பக்கம் என்றால் நான் முதலாவதைத்தான் கை காட்டுவேன்.

கடைசியாகக் கீல். திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து மூடிப் பழகி, பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வருகிறது. அடிக்கடி வரும் ரிப்பேர் இது. கடையில் திறந்து பார்க்கும்போது கீழ்ப்பகுதி சேர்ந்து தூக்கிக்கொண்டு வருகிறதா, மூலையில் நெளிகிறதா என்று பாருங்கள். திரையை எப்போதும் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லித் தங்கைக்குப் பழக்குங்கள்.

நொய்யல்கரை

இவ்வளவு விவரமா! நன்றி. அந்த ஐ7-ஐப் பார்த்துவிட்டு வந்தேன். ஐ7-7600யு என்று ஸ்டிக்கர். 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கையில் எடுத்தால் கனமாக, கெட்டியாக இருக்கிறது. கடைக்காரர் ஆறு மாத வாரன்டி எழுதித் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

சோல்டரிங்அயர்ன்

வேண்டாம் தம்பி. கோட்டுக்கு அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். 7600 என்றால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டு. 1135 என்றால் பதினொன்று, 1235 என்றால் பன்னிரண்டு. ஐ7-7600யு-வில் இரண்டே கோர். மேலே சொன்ன ஐ3-1215யு இதை எளிதாகத் தாண்டிவிடும். ஐ7 என்ற பெயர் தலைமுறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

இன்னொரு பெரிய காரணம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் பெரிய கம்பெனிகள் ஆறு, ஏழாம் தலைமுறை லேப்டாப்புகளைக் கூட்டமாகக் கழித்துவிடுகின்றன. அவைதான் இப்போது செகண்ட்ஸ் கடைகளில் ஐ7 என்ற பெயரோடு குவிகின்றன. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும். மைக்ரோசாஃப்ட் அதை அதிகாரபூர்வமாக ஆதரிக்காது. நான்கு வருஷம் ஓட வேண்டிய லேப்டாப்பை அந்த நிலையில் தொடங்கக் கூடாது.

ரிச்சிதெரு_வாசி

அந்த ஐ7 வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செகண்ட்ஸ் என்றாலே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் சந்தையான சென்னை ரிச்சி தெருவில் வாங்கி விற்று அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கம்பெனிகள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும் வணிக லேப்டாப்புகள் தனி ரகம். டெல் லாட்டிட்யூட் 5420, எச்பி எலைட்புக் 840 ஜி8, லெனோவோ திங்க்பேட் டி14 இரண்டாம் தலைமுறை, இவை எல்லாம் இன்டெல் 11ஆம் தலைமுறையோடு வந்தவை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓடும். லாட்டிட்யூட் 5420-இலும் 840 ஜி8-இலும் ராமுக்கு இரண்டு ஸ்லாட். டி14-இல் கொஞ்சம் ஒட்டியது, ஒரு ஸ்லாட் காலி. விசைப்பலகை, கீல், உடல் எல்லாம் புதிய மலிவு லேப்டாப்பைவிட நல்ல தரம். உதிரிப் பாகமும் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் தொகைக்குள் 16 ஜிபி போட்டே வாங்கி, மிச்சப் பணத்தில் புது பேட்டரியும் பையும் எடுக்கலாம்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். லேப்டாப் தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸைக் கடையிலேயே முழுதாக ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, முதல் திரை வரை வரச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனி பெயரைப் போட்டு லாகின் கேட்டால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் பதிவிலேயே இருக்கிறது என்று அர்த்தம். இன்று தாண்டிப் போனாலும் அடுத்த ரீசெட்டில் மறுபடியும் வரும். அப்புறம் பேட்டரி ரிப்போர்ட். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது, கடைக்காரருக்குத் தெரியும். தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழ் போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். எஸ்எஸ்டி ஆரோக்கியத்தைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்க்கலாம். வெள்ளை நிறத்தைத் திரை முழுக்க வைத்துக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். எல்லா விசையையும் தட்டுங்கள், எல்லா ஓட்டையிலும் பென்டிரைவ் செருகுங்கள். ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

கட்டடக்கலை_மாணவி

இழையைப் பார்த்துவிட்டு வேறு பிரிவு மாணவர்கள் கேமிங் லேப்டாப் வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதனால் எழுதுகிறேன். நான் பி.ஆர்க். ரெவிட், ஸ்கெட்ச்அப், லூமியான் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்களில் முழுப் படமாக ரெண்டர் செய்யும்போது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது அவசியம், எடை கூடினாலும் சுமந்துதான் ஆக வேண்டும். மெக்கானிக்கலில் பயன்படும் வடிவமைப்பு மென்பொருளான சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும், அவர்கள் மேக் பக்கம் போகக் கூடாது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குத் திரையின் நிறம் முக்கியம். மலிவு லேப்டாப்புகளில் பெரும்பாலும் 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிற அளவு) திரைதான், அதில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது.

ரெவிட் போன்ற ஆட்டோடெஸ்க் நிறுவன மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள், வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். திருட்டு மென்பொருள் ஏற்றி வைரஸ் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மளிகைக்கடை_அப்பா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். மகன் பி.காம். சேர்ந்திருக்கிறான். 30,000-தான் முடியும். டேப்லெட்டும் கீபோர்டும் வாங்கினால் போதுமா?

கணினி_ஆசிரியை

போதாது ஐயா. பி.காமில் எக்செலும் டேலியும்தான் உயிர். டேலி விண்டோஸில் ஓடுவது, டேப்லெட்டில் வேலைக்கு ஆகாது. விண்டோஸ் இல்லாத குரோம்புக்கும் வேண்டாம். மகனுக்கு 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள எளிய விண்டோஸ் லேப்டாப்பே நான்கு வருடம் ஓடும், மூன்று வருடப் படிப்புக்குத் தாராளம். உங்கள் தொகைக்கு ரிச்சிதெரு_வாசி சொன்ன மாதிரி எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட வணிக லேப்டாப் ஒன்றைச் செகண்ட்ஸில் பாருங்கள். திங்க்பேட் டி480 மாதிரி.

கல்லூரி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. மகனின் கல்லூரி, வருடம் அதில் வருமா என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்ததை வைத்தே நிரல் எழுதக் கற்று, இன்று நல்ல வேலையில் இருக்கும் மாணவர்களை எனக்குத் தெரியும்.

பெங்குயின்

விண்டோஸ் இல்லாமல் 'டாஸ்' என்று போட்டு வரும் லேப்டாப்புகளை யாரும் சொல்லவில்லையே. சில ஆயிரம் குறையும். இலவச இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டால் சிஎஸ்சி மாணவிக்கு எல்லாமே கிடைக்கும்: பைத்தான், சி, ஜாவா, மைஎஸ்க்யூஎல், விஎஸ் கோட், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் எப்படியும் லினக்ஸ் கட்டளை கற்க வேண்டும். 8 ஜிபியில் விண்டோஸைவிட லகுவாகவும் ஓடும். முதல் நாளிலிருந்தே பழகினால் வேலைக்குப் போகும்போது கை தயாராக இருக்கும்.

ஹாஸ்டல்வாசி

பெங்குயின் அண்ணா, நானும் உபுண்டுதான். ஆனால் முதல் வருடத்தில் ஆன்லைன் தேர்வுகளும் வேலைவாய்ப்புப் பயிற்சித் தேர்வுகளும் சிலவற்றில் விண்டோஸ் பிரௌசரைத்தான் கேட்கிறார்கள். உதவ ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவிக்கு விண்டோஸ் உரிமத்தோடு வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் செமஸ்டரில் பக்கத்திலேயே லினக்ஸும் ஏற்றிக்கொள்ளச் சொல்வது நல்லது. 512 ஜிபி இருந்தால் இரண்டுக்கும் இடம் உண்டு.

பெங்குயின்

சரி, அது நியாயம். டாஸ் லேப்டாப் வாங்கிக் கள்ள விண்டோஸ் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வரவுசெலவு

வங்கியில் வேலை. பணப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

நொய்யல்கரை தம்பி, கல்விக் கடன் எடுக்கிறீர்களா? எடுத்தால் லேப்டாப் செலவையும் அதில் சேர்க்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவை என்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவும் அனுமதிக்கப்பட்டதுதான். கடையில் கொட்டேஷன் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். கடன் போட்ட பிறகு போய்க் கேட்டால் சேர்ப்பது சிரமம். நிறையக் குடும்பங்கள் இது தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுக்கிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த முதல் தலைமுறை மாணவிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள்.

'வட்டியில்லாத் தவணை' என்று கடையில் சொல்வார்கள். வட்டித் தொகையை முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், வங்கி அந்த வட்டியைத் தவணையில் எடுத்துக்கொள்ளும். அந்த வட்டி மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, சில இடங்களில் செயல்முறைக் கட்டணமும் சேரும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமலும் போகலாம். கையில் 45,000 இருக்கும்போது ரொக்க விலையைப் பேசுங்கள்.

ராம் விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். '8 ஜிபி வாங்கு, பின்னால் ஆயிரத்து ஐந்நூறுக்கு இன்னொரு 8 போட்டுக்கொள்' என்பது பழைய அறிவுரை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொள்வதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் நம் எல்லோருக்கும் தெரிந்த குரூசியல் ராம் வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் 8 ஜிபி லேப்டாப்புக்கும் 16 ஜிபி லேப்டாப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், தனி ராமின் இன்றைய விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். வித்தியாசம் சமமாக இருந்தால் இப்போதே 16 எடுப்பது மேல்.

சோல்டரிங்அயர்ன்

வரவுசெலவு சொன்னது சரி. கடையில் ராம் வாங்கிப் போடுவதற்கு நானே இப்போது தயங்கித்தான் விலை சொல்கிறேன். அந்த ஒரு காரணத்தால் 16 ஜிபி ஏற்கெனவே போட்டு வரும் வணிக லேப்டாப் முன்பைவிட நல்ல பேரம் என்று ரிச்சிதெரு நண்பர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

நொய்யல்கரை

ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு கோவையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். இரண்டில் வந்து நிற்கிறது.

ஒன்று, புதிது. ரைசன் 5 7530யு, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குல ஃபுல் எச்டி, விண்டோஸ் 11, ஒரு வருட வாரன்டி. 46,500 சொல்கிறார்கள். மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் பார்த்தேன்: 8 ஜிபி ஒட்டியது, ஒரு ஸ்லாட் காலி. எடை 1.7 கிலோ.

இரண்டு, லாட்டிட்யூட் 5420. ஐ5-1135ஜி7, 16 ஜிபி, 512 ஜிபி, 14 அங்குலம். 33,000. கடை ஆறு மாத வாரன்டி. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொன்னேன், 71 சதவீதம் இருக்கிறது. பயாஸ் பாஸ்வேர்டு இல்லை, ரீசெட் செய்தும் காட்டினார்கள். பில் தருகிறார்கள்.

தங்கைக்கு இரண்டாவதன் கீபோர்டு பிடித்திருக்கிறது. அப்பா பழசு வேண்டாம் என்கிறார். 'முதல் முதலாகப் பிள்ளைக்கு வாங்குகிறோம்' என்கிறார். எனக்கு 13,500 மிச்சம் கண்ணில் நிற்கிறது.

ரிச்சிதெரு_வாசி

என் ஓட்டு இரண்டாவதற்கு. நீங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். மிச்சத்தில் புது பேட்டரி ஒன்றைப் போட்டாலும் பணம் மீதி. மூன்றாம் வருடத்தில் தேவைப்பட்டால் அந்த மீதியே கை கொடுக்கும். 16 ஜிபி இரண்டு ஸ்லாட்டில் எட்டும் எட்டுமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் ஐரிஸ் எக்ஸ்இ முழு வேகத்தில் ஓடும்.

கணினி_ஆசிரியை

எனக்கு முதலாவது. காரணம் ப்ராசஸர் மட்டும் இல்லை. ஆறு கோர் நல்லதுதான், ஆனால் தங்கை விடுதியில் தனியாக இருக்கப் போகிறாள். செமஸ்டர் நடுவில் மதர்போர்டு போனால் கடையின் ஆறு மாத வாரன்டி முடிந்திருக்கும், அண்ணன் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வர வேண்டும். புதியதில் முதல் வருடமாவது கம்பெனி பொறுப்பு. கோவையில் அந்த பிராண்டுக்குச் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வாரன்டி ஆன்சைட்டா அல்லது நாமே எடுத்துப் போக வேண்டுமா என்று கேளுங்கள். ராம் முதல் வருடத்துக்கு 8 போதும். இரண்டாம் வருடம் காலி ஸ்லாட்டில் போடலாம்.

அப்பா சொல்வதையும் கணக்கில் எடுங்கள் தம்பி. அவர் சேர்த்த பணம் அது.

சோல்டரிங்அயர்ன்

இரண்டுமே நல்ல தேர்வுதான், எதை எடுத்தாலும் தங்கை படிப்புக்குக் குறை வராது. நானாக இருந்தால் எதை எடுப்பேன் என்று கேட்டால்: நான் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன், லாட்டிட்யூட் எடுப்பேன். பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இல்லாதவருக்குப் புதிதைத்தான் சொல்வேன். தங்கை இரண்டாவது வகை. ராம் போடும்போது டிடிஆர்4 வகை, 3200 வேகம் என்று கேட்டு வாங்குங்கள், டிடிஆர்5 அந்த ஸ்லாட்டில் ஏறாது. போட்டால் வாரன்டி போகுமா என்பதை முன்பே பிராண்டின் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை

தங்கையிடம் உங்கள் பதில்களை எல்லாம் படித்துக் காட்டினேன். 'ராமுக்கு நான் ஸ்காலர்ஷிப் பணத்தில் சேர்த்துக்கொள்கிறேன், புதிதே இருக்கட்டும்' என்றாள். அப்பாவுக்கும் திருப்தி. 45,500-க்குப் பேசி முடித்துவிட்டோம், நாளை எடுக்கப் போகிறோம். எடுக்கும்போது கடையில் என்னென்ன பார்க்க வேண்டும்? மெயிலில் கேட்கிற மாதிரி வரிசையாகச் சொன்னால் புண்ணியம்.

சோல்டரிங்அயர்ன்

சீல் உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் எண், லேப்டாப்பின் அடியில் இருப்பது, பில்லில் எழுதுவது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அங்கேயே பாருங்கள். சில மாதம் முன்பே ஓடத் தொடங்கியிருந்தால் பில்லைக் காட்டித் திருத்த முடியும், பில்லைப் போட்டோ எடுத்து மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரில் ராம், ப்ராசஸர் பெயர் சரியா என்று பாருங்கள். கேமரா, ஸ்பீக்கர், வைஃபை, எல்லா விசையும்.

விண்டோஸ் முதல் அமைப்பைக் கடைப்பையன் கணக்கில் செய்ய விடாதீர்கள். தங்கையின் மெயிலில் அவளே செய்யட்டும். ஆபீஸ் உரிமம் சேர்ந்து வருகிறது என்றால் அது முதலில் ஆக்டிவேட் செய்யும் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், வேறு யார் கணக்கிலும் போய்விடக் கூடாது.

கணினி_ஆசிரியை

பூட்டிய தரவைத் திறக்க விண்டோஸ் சில சமயம் கேட்கும் பிட்லாக்கர் மீட்பு எண் அவள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வீட்டில் ஒரு நகல் வையுங்கள். அதை மறந்து மொத்த ப்ராஜெக்ட்டையும் இழந்த மாணவர்கள் உண்டு. கல்லூரி மெயில் கிடைத்ததும் நிரல்களை இணையத்தில் சேமிக்கும் கிட்ஹப்பின் மாணவர் தொகுப்புக்கும், நிரல் எழுதும் மென்பொருள் தரும் ஜெட்பிரெயின்ஸின் மாணவர் உரிமத்துக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இரண்டும் இலவசம். எழுதும் நிரலை முதல் வாரத்திலிருந்தே கிட்ஹப்பில் ஏற்றிப் பழகட்டும்.

ஹாஸ்டல்வாசி

மின் ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கும் ஸ்பைக் கார்டு (பிளக் பலகை) ஒன்று வாங்கி அனுப்புங்கள் அண்ணா. விடுதியில் மின்சாரம் போய் வரும்போது அடாப்டர் அடிபடும். அறையில் விட்டுப் போகும் நாளில் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்று தனிச்செய்தியில் சொன்னால், அங்கே படிக்கும் அக்கா யாராவது இருக்கிறார்களா என்று எங்கள் கோடிங் கிளப்பில் கேட்டுப் பார்க்கிறேன்.